ஆடும் மாடுதான்

சங்கரன்கோயிலிலோ அதைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலோ ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டு, "கோமதி!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பெண்ணானால் கோமதி, ஆணானால் கோமதிநாயகம். கொஞ்சம் பழைய காலத்துக் குடும்பமானால் ஆவுடையம்மாள், ஆவுடையப்பன். இவ்வளவு பேரும் ஒரே அம்பாளின் பெயரைத்தான் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சங்கரன் பெரியவரா, நாராயணன் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். இருவரும் ஒருவரே என்று காட்ட வேண்டும் என்று அம்பாள் தபசுக்குப் புறப்பட்டாள். புன்னைவனத்துக்கு அவள் தனியே வரவில்லை. தேவமாதர்கள் பசுக்களின் உருவெடுத்து உடன் வந்தார்கள். ஆக்களை உடையவள் ஆதலால் ஆவுடையாள் ஆனாள். ஆடி மாதம் பௌர்ணமியன்று இறைவன் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சி கொடுத்தார். ஆடித்தபசுக்கு இன்றும் ஊர் கொள்ளாத கூட்டம் கூடுகிறது.

பெயரைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 'ஆவுடையாள்' என்பது தமிழ். 'கோமதி' என்பது வடமொழி. மதி என்றதும் நிலவு என்று பொருள் சொல்லுகிறவர்களும் உண்டு, சொல்லிவிட்டுப் போகட்டும். வடமொழி இலக்கணப்படி கோ என்றால் பசு. மதி என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட 'உடையவள்' என்ற விகுதி. லட்சுமணபுரி என்கிற லக்னோவில் ஓடும் கோமதி நதிக்கும் பெயர் அப்படி வந்ததுதான். ஆகவே ஆவுடையாள் என்பதும் கோமதி என்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இரண்டும் சொல்வது, 'மாடு கன்று உள்ளவள்' என்பதைத்தான். நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கொடுத்துவிட முடியாது. "அவளுக்கென்ன, மாடு கன்னுள்ளவ" என்றால், அவளுக்கு ஒரு குறைவும் இல்லை என்று அர்த்தம்.

இந்தப் பெயரைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது ஓர் ஆங்கிலச் சொல். 'கேட்டில்' என்பது அந்தச் சொல். ஒரு நாவலுக்காக மாட்டுத் திருட்டு வழக்கு ஒன்றை எழுத வேண்டியிருந்தது. வெறும் கற்பனையில் வக்கீலைப் பேச விட்டால் உண்மையான வக்கீல்கள் கடிதம் எழுதிக் கேலி செய்வார்கள். ஆகவே பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் நான் பண்டிதன் அல்ல; கல்லூரியில் இரண்டு வருஷம் மேய்ந்ததோடு சரி. ஆனாலும் 'கேட்டில்' என்றால் மாடு என்பது எனக்குத் தெரியும் என்றுதான் எண்ணியிருந்தேன். 1871-ஆம் வருஷத்து முதலாவது சட்டத்தை எடுத்துப் படித்ததும் திகைத்துப் போனேன்.

கால்நடைகள் அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைவதைப் பற்றிய சட்டம் அது. 1857-இல் வந்த ஒரு சட்டத்தைத் திருத்திச் செய்தது. அதன் மூன்றாவது பிரிவில், 'கேட்டில்' என்ற சொல் யாரையெல்லாம் உள்ளடக்கும் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். யானை, ஒட்டகம், எருமை, குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு, அவற்றின் குட்டி வரை அத்தனையும் 'கேட்டில்'தான்! நாயும் கோழியும் மாத்திரம் எப்படியோ தப்பித்துக்கொண்டன.

இந்தப் பட்டியலில் நான் முக்கியமாகக் கவனித்தது யானையை அல்ல, எருமையை. நமக்கு எருமை மாடுதான். பசுமாடு, எருமைமாடு என்று ஒரே மூச்சில் சொல்லுகிறோம். ஆங்கிலேயனுக்கோ எருமை 'கேட்டில்' இல்லை. சட்டம் போட்டுத்தான் அதை மாடாக்க வேண்டியிருந்தது.

சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயிரை ஒருவருடைய மாடு மேய்ந்துவிட்டால், அதை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பவுண்டுக்காரர் அங்க அடையாளம், பிடித்துக் கொடுத்தவர் பேர், நாள், மணி எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்வார். மாட்டுக்குச் சொந்தக்காரர் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கொண்டு போகலாம். அபராதம் 1871-இல் யானைக்கு 2 ரூபாய். ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா. குதிரை, காளை, எருது, பசு, கிடாரிக்கு 4 அணா. கன்றுக்குட்டி, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆடானால் 1 அணா. ஏழு நாள் ஆகியும் யாரும் வராவிட்டால் போலீசுக்குத் தகவல் போகும். அறிவிப்பு ஒட்டித் தண்டோராப் போடுவார்கள். மேலும் ஏழு நாள் பார்த்துவிட்டுப் பொது ஏலம் விட்டுவிடுவார்கள். மாட்டைப் பிடிக்க வந்தவரை வலுக்கட்டாயமாகத் தடுத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம்; இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

இன்னொரு பிரிவு என்னைச் சிரிக்க வைத்தது. போலீஸ் அதிகாரியோ பவுண்டுக்காரரோ அந்த ஏலத்தில் நேராகவோ மறைமுகமாகவோ மாடு வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். சட்டத்தை எழுதிய துரைக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

ஊர்க்காரர்கள் வாயில் 'கேட்டில்' நுழையவே இல்லை. 'பவுண்டு' நுழைந்தது. நுழைந்து நன்றாக வேரூன்றியும் விட்டது. பவுண்டு இருந்த தெரு 'பவுண்டுத் தெரு' ஆயிற்று. நாணயமும் பவுண்டு, நிறுவையும் பவுண்டு, மாட்டுப் பட்டியும் பவுண்டு. ஆங்கிலத்தில் இந்தக் கடைசிப் பவுண்டுக்கும் மற்ற இரண்டுக்கும் பிறப்பிலே உறவு கிடையாது. ஆனால் நம்முடைய சம்சாரிக்கு அந்த வித்தியாசம் எதற்கு? எந்தப் பவுண்டானாலும் அவன் மடியிலிருந்துதானே பணம் போயிற்று!

எங்கள் ஆச்சி ஒரு கதை சொல்வாள். அவள் சிறு பெண்ணாக இருந்த காலத்தில் நடந்ததாம். ஊரில் ஒரு கைம்பெண். இரண்டு வெள்ளாடுகள்தான் அவளுக்குச் சொத்து. ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு இரண்டும் ஒரு பெரிய சம்சாரியின் உளுந்துப் பிஞ்சையில் இறங்கிவிட்டன. சம்சாரி யோசிக்கவே இல்லை; ஆளை விட்டுப் பிடித்துப் பவுண்டுக்கு அனுப்பிவிட்டார். இவள் களை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, விஷயம் தெரிந்து, தலைமுடியைக்கூட முடியாமல் ஓடியிருக்கிறாள்.

"என்னய்யா, ஆட்டைக் கொண்டாந்து மாட்டுப் பவுண்டில அடச்சிருக்கீக?" என்று கேட்டாளாம்.

பவுண்டுக்காரர் பொல்லாத மனுஷர் இல்லை. "நான் என்ன தாயி செய்ய? சர்க்கார் கணக்குல ஆடும் மாடுதான்" என்று சொல்லியிருக்கிறார்.

"அப்போ மாட்டுக்குண்டான வெலைய அந்தச் சர்க்காரு குடுக்குமா?"

இந்தக் கேள்விக்குப் பவுண்டுக்காரரிடம் பதில் இல்லை. ஆட்டுக்கு ஓர் அணா வீதம் இரண்டு அணாவும் தீனிச் செலவும். நமக்கு இது ஒரு தொகையா என்று தோன்றும். ஆனால் அவளுக்குக் கூலி தானியமாகக் கிடைத்தது. காசு என்பது கண்ணில் காண்பதற்கு அரிய பொருள். கடன் கேட்டு நாலு வீடு ஏறி இறங்கி, ஐந்தாம் நாள் மீட்டாளாம். ஒரு ஆட்டுக்கு மடி வற்றிவிட்டது என்று ஆச்சி முடிப்பாள். சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் குரல் தணிந்துவிடும்.

நம்முடைய பக்கத்தில் மாட்டை மீட்பதற்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்குத் 'துப்புக்கூலி' என்று பெயர். மாடு களவு போய்விட்டால், துப்புத் தெரிந்த ஒருவர் வந்து சேருவார். மாட்டின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தால், இன்ன ஓடைக்கரையில் இன்ன மரத்தில் கட்டிக் கிடக்கும் என்று சொல்லிவிடுவார். போனால் கட்டிக் கிடக்கும். கள்ளனுக்குக் கொடுத்தால் துப்புக்கூலி; சர்க்காருக்குக் கொடுத்தால் பவுண்டுக் கட்டணம். இரண்டுக்கும் நடுவில் நின்றான் மாட்டுக்காரன். கள்ளன் தண்டோராப் போடுவதில்லை என்பது ஒன்றுதான் பெரிய வித்தியாசம்.

இருக்கட்டும். ஓர் ஆட்டை மாடாக்கும் சக்தி இந்த ஆங்கிலச் சொல்லுக்கு எங்கிருந்து வந்தது? அகராதிகளைப் பார்த்ததில், சட்டம் எழுதிய துரை புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்று தெரிந்தது. சொல்லின் பழைய பொருளைத் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

லத்தீன் மொழியில் 'கபுத்' என்றால் தலை. அதிலிருந்து 'கபிதாலே', அதாவது தலைமைச் சொத்து, முதல். இது பிரான்சின் வடபகுதியில் 'கதெல்' என்று மாறியது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டார்கள் அல்லவா? அவர்களுடைய கச்சேரி மொழியோடு இந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது. அப்போது அதற்கு மாடு என்று பொருளில்லை. சொத்து, அதிலும் நிலம் அல்லாத, நகர்த்தக்கூடிய சொத்து என்றுதான் பொருள். பண்ணையில் அப்படிப்பட்ட சொத்து எது? நாலு காலில் நிற்பதுதான். ஆகவே குதிரை, ஆடு, மாடு, பன்றி எல்லாம் 'கேட்டில்' ஆயின. பிற்பாடு பல நூற்றாண்டுகளில் பொருள் சுருங்கிச் சுருங்கி, மாட்டில் வந்து நின்றது. அதே சொல் பிரான்சின் வேறு பகுதி உச்சரிப்பில் வந்து 'சாட்டல்', அதாவது அசையும் சொத்து, ஆயிற்று. லத்தீனிலிருந்து நேராக வந்தது 'கேபிடல்', அதாவது மூலதனம், ஆயிற்று. மாடு, அசையும் சொத்து, மூலதனம் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

கசாப்புக் கடைக்குப் போன மிருகத்துக்கு நார்மானியப் பெயர், தொழுவில் நின்ற மிருகத்துக்குச் சாக்ஸானியப் பெயர் என்று ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வார்கள். எஜமான் தின்றான், குடியானவன் மேய்த்தான் என்பது அதன் தாத்பரியம். சுவையான செய்திதான். ஆனால் 'கேட்டில்' என்ற சொல் சாப்பாட்டு மேஜை வழியாக வரவில்லை. அது கணக்குப் புத்தகத்தின் வழியாகத் தொழுவுக்குள் புகுந்தது. இங்கிலாந்தின் குடியானவனுக்கு அப்போது நடந்தது, எண்ணூறு வருஷம் கழித்து 1871-இல் நம்முடைய குடியானவனுக்கு நடந்தது. எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

மாட்டைக் கொண்டு சொத்தை எண்ணியது ஆங்கிலேயன் மாத்திரமல்ல. லத்தீனில் 'பெகுஸ்' என்றால் கால்நடை. அதிலிருந்து பிறந்த 'பெகூனியா' என்றால் பணம். அந்தப் 'பெகுஸ்' நம்முடைய வடமொழிப் 'பசு'வுக்கு உடன்பிறந்தது. ஜெர்மானியன் கால்நடையை 'ஃபீ' என்கிறான். பழைய ஆங்கிலத்தில் இதற்குச் சமமான சொல் மாட்டையும் பணத்தையும் சேர்த்துக் குறித்தது.

தமிழ் மட்டும் என்ன? 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில், கல்வியைத் தவிர மற்றவை எல்லாம் செல்வமே அல்ல என்று சொல்லும்போது, செல்வத்துக்கு இந்தச் சொல்லைத்தான் எடுத்து ஆளுகிறார். பள்ளிக்கூடத்தில் அந்தக் குறளைப் படித்தபோது, 'மற்றவை மாடு இல்லையென்றால் எருமையா?' என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரன் இப்போது நல்ல பால் வியாபாரி.

செல்வமாக இருந்ததால்தான் அதற்காக ரத்தம் சிந்தினார்கள். பகைவருடைய ஆநிரையைக் கவர்வதைப் போரின் தொடக்கமாக வைக்கிறது தொல்காப்பியம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகல் ஒன்று, அப்படி ஆகோள் பூசலில் மாண்ட ஒருவனுக்காக நட்டது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய கல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அயர்லாந்துக்காரர்களுடைய பழைய வீரகாவியமும் ஒரு மாட்டுக்காக நடந்த சண்டைதான். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? மழை பொய்த்தால் நம் கிராமங்களில் விராட பர்வம் படிப்பார்களே, அதில் துரியோதனன் படையெடுத்து வருவது எதற்கு? விராடனுடைய பசுக்களைக் கவர்வதற்கு.

ஆனால் மூலதனம் என்ற சங்கதியில் நம்மவர்களை மிஞ்சியவர்கள் இல்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று ஒரு தொடர் வரும். சாகாத, கிழடு ஆகாத ஆடு. தேவலோகத்து ஆடு என்று நினைத்துவிடாதீர்கள். கொம்பும் தாடியும் உள்ள சாதாரண ஆடுதான். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் ஒருவர் 96 ஆடு கொடுப்பார். கோயிலார் அவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளிலிருந்து ஈடு செய்துகொள்ள வேண்டியது. கணக்கில் ஆடு எப்போதும் 96. ஆடு முதல், நெய் வட்டி. முதல் சாகாது, மூப்பெய்தாது. வட்டி மாத்திரம் தினந்தோறும் வந்துகொண்டே இருக்கும். பொருளாதாரப் பேராசிரியர்கள் மூலதனத்துக்கு எத்தனையோ இலக்கணம் சொல்கிறார்கள். கல்லில் வெட்டிய இந்த இரண்டு அடைமொழியைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்டுக் கிடையில் கொள்ளை நோய் விழுந்த வருஷத்தில் அந்த இடையர் உழக்கு நெய்க்கு எங்கே போயிருப்பார் என்பதைக் கல்வெட்டு சொல்லாது. அதைக் கதை எழுதுகிறவன்தான் எழுத வேண்டும்.

கணக்கில் மாட்டைத் தலையாக எண்ணிப் பழகிய கை, அடுத்தபடி எதையும் தலையாக எண்ணிவிடும். 'சாட்டல்' என்ற அந்தச் சகோதரச் சொல் அமெரிக்காவில் மனிதர்கள் மேல் ஏறிற்று. அடிமைகளுக்கு அசையும் சொத்து என்று சட்டப் பெயர். எஜமானன் இறந்தால் அவனுடைய சொத்துப் பட்டியலில், குதிரை இத்தனை, மாடு இத்தனை என்ற வரிகளுக்குப் பக்கத்திலேயே ஆணும் பெண்ணும் குழந்தையும் விலையோடு பதிவானார்கள். நம் நாட்டிலும் ஆள் அடிமையை ஓலை எழுதி விற்றார்கள். பிழைக்க வழியில்லாமல் தம்மைத் தாமே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிக்கூடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்று 1843-இல் ஐந்தாவது சட்டம் வந்தது. அப்புறமும் பண்ணையாள் பண்ணையாளாகவே எத்தனை தலைமுறை இருந்தான் என்பது நமக்குத் தெரியாததல்ல.

ஆங்கிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'கேட்டில்' பன்மைச் சொல். ஒற்றை மாட்டை அதனால் சொல்ல முடியாது. நம்முடைய பிள்ளைகள் 'ஒன் கேட்டில்' என்று எழுதிப் பிரம்படி வாங்குவார்கள். சரி, ஒற்றை மாட்டை எப்படிச் சொல்வது? 'கௌ' என்றால் பசு மட்டும். 'புல்' என்றால் காயடிக்காத காளை. 'ஆக்ஸ்', 'புல்லக்' என்றால் காயடித்தது. தூரத்தில் ஒரு மாடு நிற்கிறது. வெள்ளைக்காரன் இலக்கண சுத்தமாக அதன் பெயரைச் சொல்ல வேண்டுமானால், கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்! பேச்சிலே எல்லாவற்றையும் 'கௌ' என்று சொல்லி ஒப்பேற்றிக்கொள்கிறான். எண்ணும்போது 'இத்தனை தலை கேட்டில்' என்கிறான். அந்தச் சொல்லே தலையிலிருந்து வந்தது. அதற்கு மேல் இன்னொரு தலை!

ஆங்கிலத்தில் முன்பு ஒரு சொல் இருந்திருக்கிறது. 'நீட்' என்பது அது. பசுவானாலும் எருதானாலும் ஒற்றை மாட்டை நீட் என்றார்கள். இந்தக் காலத்தில் நீட் என்றால் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இது அந்த நீட் அல்ல, சுத்தம் என்ற பொருளில் வரும் நீட்டும் அல்ல. உபயோகப்படுவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த அசல் சாக்ஸானியச் சொல். தொழுவில் பிறந்து தொழுவில் வளர்ந்தது. கணக்குப் புத்தகத்துச் சொல் வந்ததும் மெல்ல மெல்லச் செத்துப்போயிற்று. மாட்டுப் பாதத்தையும் கால் எலும்பையும் காய்ச்சி எடுத்துத் தோலுக்குப் பூசுவார்களே, அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் 'மாடு' சாகவில்லை. செல்வம் என்ற பொருள்தான் செத்தது; மிருகம் பிழைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் நடந்ததற்கு இது நேர் எதிர். அதோடு, மாடு என்ற பொதுப் பெயரோடு நம்மவர்கள் நின்றுவிடவும் இல்லை. எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைக்குத் தாவணி என்று பெயர். பெண்கள் உடுத்தும் தாவணி அல்ல. பல மாடுகளை வரிசையாகக் கட்டும் நீண்ட கயிற்றுக்கு அந்தப் பெயர். அது சந்தைக்கு ஆகிவந்தது. மதுரையில் பஸ் நிலையமாகிவிட்ட மாட்டுத்தாவணியும் இதுதான். சிறு வயதில் தாத்தாவோடு தாவணிக்குப் போயிருக்கிறேன். அங்கே 'ஒரு மாடு வேண்டும்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். செவலையா, மயிலையா, காரியா, மறையா? இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா? தலையீத்தா, இரண்டாம் ஈத்தா? ஏரில் வலத்தை நிற்குமா, இடத்தை நிற்குமா? கறவைக்குக் காலைக் கட்ட வேண்டுமா, சும்மா நிற்குமா? நெற்றியில் சுழி எங்கே இருக்கிறது? இத்தனைக்கும் பதில் சொன்ன பிறகு, தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார். விலை துண்டுக்குள்ளே நடக்கும். வெளியே நடப்பதெல்லாம் அந்த மாட்டைப் பற்றிய பேச்சு; வேறு எந்த மாட்டுக்கும் பொருந்தாத பேச்சு. ஒரு சுழி பிசகினால் தாத்தா கையை உதறிவிட்டு நடந்துவிடுவார். ஒரு முறை மயிலைக் கிடாரி ஒன்றுக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை நின்றோம். நான் பசியில் அழ ஆரம்பித்த பிறகுதான் துண்டு விலகியது.

டிராக்டர் வந்த பின் உழவு மாடு குறைந்துவிட்டது. உழவு மாடு குறைந்ததும் வலத்தை, இடத்தை என்ற சொற்களுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. என்னுடைய பிள்ளைகளுக்கு மயிலை என்றால் சென்னையில் ஒரு பேட்டை.

சர்க்காரோ எண்ணிக்கொண்டே இருக்கிறது. முதல் கால்நடைக் கணக்கெடுப்பு 1919-இல் தொடங்கியது. 2019-இல் எடுத்த இருபதாவது கணக்கின்படி நாட்டில் மாடு 19 கோடிக்கு மேல். எருமை ஏறத்தாழ 11 கோடி. எருமைக்குத் தனிக் கட்டம் போட்டு எண்ணியிருப்பதைக் கவனித்தீர்களா? 1871-இல் அத்துமீறி மேய்ந்தபோது எருமை 'கேட்டில்'. கணக்கெடுப்பில் அது 'கேட்டில்' இல்லை. அபராதம் கட்டும்போது மாடு, எண்ணும்போது எருமை!

சென்ற சில ஆண்டுகளாக மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றைக் குத்துகிறார்கள். அதில் 12 இலக்க எண். 'பசு ஆதார்' என்று அதற்குப் பெயர். இங்கேயும் ஒரு சொல் விளையாடுகிறது. வடமொழியிலும் இந்தியிலும் 'பசு' என்றால் விலங்கு. எருமையும் பசு, ஆடும் பசு. சைவ சித்தாந்தத்தில் பாசத்தால் கட்டுண்ட நாம் எல்லோருமே பசு. தமிழ்ப் பேச்சில் மாத்திரம் அது பால் கறக்கும் பெண் மாடாகச் சுருங்கிக் கிடந்தது. இப்போது டில்லிக் காரியாலயத்தின் வழியாக அதன் பழைய அகலத்தோடு ஊருக்குள் வந்திருக்கிறது.

சங்கரன்கோயிலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, மாட்டாஸ்பத்திரி ஊழியர் ஒருவர் வில்லை குத்த வந்தார். எதிர் வீட்டுப் பெரியவர் தம்முடைய எருமையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பி, எருமைக்குப் போயி எதுக்குப் பசு நம்பரு?" என்று கேட்டார்.

"எல்லாத்துக்கும் அதே பேருதான் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஏறும்."

வில்லை குத்தியாயிற்று. எருமை தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் பழையபடி அசை போடத் தொடங்கியது. பெரியவர் எண்ணை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்த நம்பரை வச்சு பாங்கில லோன் ஏதாச்சும் குடுப்பானா?" என்று கேட்டார்.